கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு: தோல் அறிகுறிகள்

பிறவியிலேயே நோயெதிர்ப்பை இயக்கும் டி அணுக்கள் இல்லாமலோ செயலிழந்தோ இருக்கும் அரிய மரபணு நோய் கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘ஸ்கிட்’ என்பார்கள். டி அணுக்களின் துணை இல்லாததால் எதிர்ப்பொருள் சுரக்க வேண்டிய பி அணுக்களும் முடங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் சுமார் 58,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இது காணப்படுகிறது. 1950இல் சுவிட்சர்லாந்தின் கிளான்ஸ்மன், ரினிக்கர் என்ற இருவர் இதை முதன்முதலில் விவரித்தனர். சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

பிறந்தபோது குழந்தை பார்வைக்கு நலமாகவே இருக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை மாவு படிகிறது; தொடையிடுக்கில் சிவந்து தோல் உரிகிறது. இரண்டுக்கும் காரணம் காண்டிடா பூஞ்சை. நலமான குழந்தைகளுக்கும் இது வருவதுதான், ஆனால் மருந்து தடவினால் போய்விடும். இங்கே போவதில்லை, அல்லது போய்ப் போய்த் திரும்புகிறது. கூடவே வயிற்றுப்போக்கும் எடை ஏறாமையும் இருந்தால் ஐயம் வலுக்க வேண்டும்.

உடல் முழுதும் பரவும் சிவப்புதான் இந்நோயில் வியப்பானது. தோல் அழற்சியை நடத்துபவை பெரும்பாலும் டி அணுக்களே. அவையே இல்லாத குழந்தைக்கு அழற்சி எங்கிருந்து வருகிறது? விடை இரண்டு. ஒன்று, தாயின் டி அணுக்கள். கருவில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியே வந்துசேரும் அவற்றை நலமான சிசு அழித்துவிடும். ஸ்கிட் குழந்தையால் முடியாது. ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் அவை தங்கிவிடுகின்றன. பலருக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. சிலருக்கோ தாயணுக்கள் குழந்தையின் தோலை அந்நியமாகக் கருதித் தாக்க, தட்டம்மை போன்ற தடிப்பு எழுகிறது. பிறர் இரத்தத்தை, அதிலுள்ள அணுக்களை முடக்கக் கதிரூட்டாமல் ஏற்றினாலும் இதே தாக்குதல், பன்மடங்கு மூர்க்கமாக, உயிரைக் குடிக்கும் அளவுக்கு நிகழும்.

மற்றொன்று, குழந்தையின் சொந்த அணுக்களே தறிகெட்டுப்போவது. கில்பர்ட் ஓமென் 1965இல் விவரித்த ஓமென் நோய்க்குறி இவ்வகை. ராக்1, ராக்2 மரபணுக்கள் பாதி பழுதாகும்போது ஒருசில டி அணுக்கள் மட்டும் உருவாகிக் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. தோல் தலைமுதல் கால்வரை செக்கச்சிவந்து, தடித்து, செதில் செதிலாக உதிர்கிறது. தலைமுடியோடு புருவமும் இமைமுடியும் கொட்டிவிடும். உதிரும் தோல் வழியே புரதம் இழப்பதால் உடல் வீங்குகிறது, நெறி கட்டுகிறது, கல்லீரலும் மண்ணீரலும் பெருக்கின்றன. ஒவ்வாமையில் உயரும் இயோசினோபில் வெள்ளையணுக்களும் ஐஜி-இ எதிர்ப்பொருளும் இரத்தத்தில் எகிறியிருப்பதால் ஒவ்வாமைக் கரப்பான் என்று எண்ணிக் களிம்பு கொடுத்து வாரங்களைக் கடத்துவது எளிதில் நேரக்கூடியது. புருவம் உதிர்ந்த, வளராத ‘கரப்பான்’ குழந்தையை அப்படி விட்டுவிடலாகாது.

பிசிஜி ஊசி போட்ட இடமும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் பிறந்தவுடன் இடது மேற்கையில் போடப்படும் இத்தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி. ஸ்கிட் குழந்தையிடம் அது அடங்காமல் வளரும்: ஊசி போட்ட இடத்தில் ஆறாத புண், அக்குளில் நெறி, பிறகு உடலெங்கும் கட்டிகள். நோய் தெரியவருமுன்பே ஊசி போட்டுவிடுவதுதான் சிக்கல். 17 நாடுகளில் பிசிஜி பெற்ற 349 ஸ்கிட் குழந்தைகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு மேல் இத்தகைய பாதிப்பு காணப்பட்டது. இங்கிலாந்தில் 2021 முதல், பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் ஸ்கிட் பரிசோதனையின் முடிவு தெரியும் வகையில் இந்த ஊசியை 28 நாளுக்குத் தள்ளிவைத்துள்ளனர்.

மரபணுவைப் பொறுத்தும் அடையாளங்கள் மாறும். அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரிடையே அதிகம் காணப்படும் ஆர்ட்டெமிஸ் வகையில் வாயிலும் பிறப்புறுப்பிலும் ஆழமான புண்கள் தோன்றுகின்றன. அடினோசின் டீஅமினேஸ் நொதி குறைந்த வகையினருக்கு டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா என்ற அரிய தோல் புற்றுக்கட்டி வரக்கூடும்.

தோல் திசு ஆய்வு தாயணுத் தாக்குதலையும் ஓமெனையும் பிரித்தறிய ஓரளவு உதவும். உறுதிசெய்வது இரத்த அணு எண்ணிக்கையும் மரபணுச் சோதனையும்தான். சிகிச்சையாகக் குருத்தணு மாற்றம் மூன்றரை மாத வயதுக்குள் செய்யப்பட்டவர்களில் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்ததாக 2014இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மாற்றத்துக்குப் பின்னும் தோல் முற்றிலும் மீள்வதாகச் சொல்லமுடியாது. ஐஎல்2ஆர்ஜி, ஜேக்3 மரபணு வகையினரில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து, டி அணுக்கள் நன்றாக இயங்கும்போதே, பாப்பிலோமா வைரஸ் மருக்கள் கைகால்களில் ஏராளமாக முளைத்து எந்த மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை.