பரோடா மாநாடு முதல் மடிக்கணினி வரை: இசைக் கேட்புச் சோதனையும் திண்டிவனம் வட்டாரக் காதுகளும்

ஒரு சுவரம் சரியான இடத்தில் நிற்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு? நூறாண்டு ஆய்வு வரலாற்றில் இந்த உரிமை மூன்று கை மாறியிருக்கிறது. முதலில் வித்வானிடம் இருந்தது; பிறகு அளவுகருவிக்குப் போனது; கடைசியில்தான் சாதாரணக் கேட்பவரிடம் வந்தது. வந்தும், பல்கலைக்கழக வாசலைத் தாண்டி அதிகம் நகரவில்லை என்பது என் வாதம். கூத்து, தேவாரம், சினிமாப் பாட்டு மூன்றும் ஒரே ஊரில் ஒலிக்கும் விழுப்புரம், திண்டிவனம் பகுதியை முன்வைத்து அதைச் சொல்கிறேன்.

1910இல் கே. பி. தேவல் ஸ்தாயியின் 22 சுருதிகளை எண்களாக்கி நூல் வெளியிட்டார். அதை ஒட்டி அவரும் ஆங்கிலேய அதிகாரி கிளெமென்ட்ஸும் ‘சுருதி ஆர்மோனியம்’ ஒன்றை உருவாக்கினர். தஞ்சாவூரில் 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கிய ஆபிரகாம் பண்டிதர், சுருதிகள் 22 அல்ல, சம அளவுள்ள 24 என்றார். 1916 மார்ச்சில் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் இரு தரப்பும் இருந்தன. சுருதி ஆர்மோனியம் அங்கே பரிசோதிக்கப்பட்டது; பண்டிதர் தம் மகள்களோடு சென்று தம் கணக்கை விளக்கிக் காட்டினார். உடன்பாடு ஏற்படவில்லை. ஏற்பட்டிருக்கவும் முடியாது. எந்த ஒலி யாருடைய கட்சி என்பது கேட்டவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும். இன்றைய சோதனை முறையில் முதல் விதியே அதை மறைப்பதுதான்.

அடுத்த கட்டத்தைச் சுருக்கமாகக் கடக்கலாம். 1920இல் சி. வி. ராமன் மிருதங்கத்தின் மேற்சுரங்கள் ஒத்திசைவதை இயற்பியலால் விளக்கினார். 1963இல் இசை ஆய்வாளர்கள் ஜைராஸ்பாயும் ஸ்டோனும் வட இந்தியக் கலைஞர்களின் காந்தாரத்தை அளந்தபோது, ஒரே கச்சேரிக்குள்ளேயே அது இடம் மாறுவதைக் கண்டனர். ஏட்டுச் சுருதிக் கணக்குகளுக்கு இது பெரிய அடி. ஆனால் இவை எல்லாம் ஒலியை அளந்தவை. கேட்பவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டவர் உளவியலாளர் கரோல் கிரம்ஹான்ஸல். 1979இல் ரோஜர் ஷெப்பர்டுடன் சேர்ந்து அவர் வகுத்த முறை எளிமையானது. ஒரு இசைச்சூழலை ஒலிக்கவிட்டு, அதன் பின் ஒற்றைச் சுவரம் ஒன்றை ஒலித்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொல்வது. 1984இல் காஸ்டெல்லானோ, பரூச்சா ஆகியோருடன் பத்து இந்துஸ்தானி ராகங்களில் இதைச் செய்துபார்த்தார். ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இந்தியரும் மேலைநாட்டவரும் ஒன்றுபோல உயர்ந்த மதிப்பெண் தந்தனர். எது அதிக நேரம் ஒலித்ததோ அதற்கு இரு சாராரும் கூடுதல் மதிப்புக் கொடுத்தனர். ஆனால் ராகத்துக்கு அடியிலுள்ள தாட்டை, அதாவது தாய்ச் சுர வரிசையை, உணர்ந்தவர்கள் இந்தியர் மட்டுமே.

அருமையான முறைதான், ஆனால் நம் இசைக்கு அப்படியே பொருந்தாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே கமகமாக அசைந்தபடி இருப்பதுதான் அதன் அடையாளம். அசையாத ஒற்றைச் சுவரத்தை வைத்து ‘பொருந்துகிறதா’ என்று கேட்டால், தோடியில் இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டதாகும். கர்நாடக இசையில் சோதனை அலகு சுவரமாக அல்ல, ஒரு பிடியாக, அதாவது சிறு சுரத்தொடராக இருக்க வேண்டும். 2011இல் பார்சிலோனாவில் சேவியர் செர்ரா தொடங்கி, சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி குழுவினர் பங்கேற்ற காம்ப்மியூசிக் திட்டம் கமகத்தைக் கணினிவழி ஆராய்ந்தது. அதுவும் பெரும்பாலும் ஒலிப்பதிவுகளின் ஆய்வுதான்.

வளாகத்துக்கு வெளியே போனவர்கள் உண்டு. ஆய்வாளர் மெக்டெர்மாட் குழுவினர் பொலிவியாவின் அமேசான் காடுகளில் வாழும் சிமானே மக்களிடம் போய், அவர்கள் இன்னிசைவு, முரணிசைவு இரண்டையும் ஒரே அளவுக்கு விரும்பியதாக 2016இல் அறிவித்தனர். அமேசானுக்குப் போக முடிந்த சோதனை திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள செஞ்சிக்கு வரக்கூடாதா?

செஞ்சியைச் சொல்லக் காரணம் உண்டு. ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் எழுதிய முதல் தொகுதி செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டது. இங்கே திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பாடுபவருக்குச் சுருதி தருவது ஆர்மோனியம். அதன் சமன்படுத்திய சுவரங்களால் கமகம் பாட இயலாது என்ற வாதத்தின் பேரில் 1940இல் அகில இந்திய வானொலி தடைசெய்த அதே பெட்டிதான். 1971இல்தான் தடை தளர்ந்தது. வானொலி ஒதுக்கிய அதே காலத்தில் கூத்துக்களம் அதை விடவில்லை. அப்படியானால் இங்கே வளர்ந்த காதில் காந்தாரம் எங்கே நிற்கிறது? இது வாதாடித் தீர்க்கும் கேள்வி அல்ல, சோதித்துப் பார்க்கும் கேள்வி.

கணக்கு இது. 4 கட்டையில் ஸட்ஜம் சுமார் 349.2 ஹெர்ட்ஸ். ஆர்மோனியத்தின் அந்தர காந்தாரம் 440. 5:4 விகிதத்தில் வருவது 436.5. வித்தியாசம் 14 சென்ட், அதாவது அரைச்சுவரத்தில் ஏழில் ஒரு பங்கு. இவ்விரண்டு காந்தாரங்களையும் ஒரே பிடியில் வைத்து ஒலிக்கோப்புகளாக முன்கூட்டியே தயாரித்து, ஓசை அளவைச் சமமாக்கி, சைகோபை போன்ற இலவச மென்பொருளில் கலைத்துப்போட்டு ஒலிக்கவிட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சுருதிப் பெட்டியும் சேர்ந்து ஒலித்தால், ஸட்ஜத்தின் ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரமும் காந்தாரத்தின் நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரமும் உரசி, 440இல் நொடிக்குச் சுமார் 14 அதிர்வுத் துடிப்புகள் எழும், 436.5இல் எழாது. கேட்பவர் பழக்கத்தால் தேர்ந்தாரா, துடிப்பைக் கேட்டுத் தேர்ந்தாரா என்று பிரிக்க முடியாது. ஆகவே சுருதியோடு ஒரு சுற்று, சுருதியை நிறுத்திவிட்டு ஒரு சுற்று என இரண்டும் வேண்டும்.

கிரம்ஹான்ஸல் முறையின் ஏழு படி மதிப்பெண் இங்கே உதவாது. வீட்டுக்கு வந்தவரை மனம் நோகச் செய்யாத ஊர் இது. எதைப் போட்டாலும் “நல்லாத்தான் இருக்கு தம்பி” என்பார்கள். இரண்டைக் கேட்கவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே வழி. குறிப்புகளை எழுத்தில் காட்டாமல் இவ்வூர்ப் பேச்சிலேயே பதிவுசெய்து ஒலிக்கவிடலாம். விசைகளில் சிவப்பு, பச்சை வில்லைகள் போதும். விருப்பத்தைக் கேட்குமுன், வித்தியாசம் தெரிகிறதா என்பதைத் தனியாக அளக்க வேண்டும். இரண்டு சரிக்கு ஒரு படி கடினமாக்கி, ஒரு தவறுக்கு ஒரு படி எளிதாக்கும் ஏணிமுறை, 70.7 விழுக்காடு சரியாகச் சொல்லும் எல்லையில் கொண்டுபோய் நிறுத்தும். 14 சென்ட்டே கேட்காதவரிடம் எது பிடிக்கும் என்று கேட்பதில் பொருளில்லை.

ஹெட்போன் கட்டாயம், ஆடி மாதத்து ஒலிபெருக்கிகளைத் தவிர்க்க வேறு வழி கிடையாது. இணையம் வழியே நடத்தினால், உண்மையில் ஹெட்போன் மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க 2017இல் வெளியான ஒரு தந்திரம் இருக்கிறது. மூன்று 200 ஹெர்ட்ஸ் ஒலிகளில் எது மெல்லியது என்று கேட்பது. அவற்றில் ஒன்று இரு காதுகளிலும் எதிர்த் திசையில் அதிரும்படி அமைந்தது. ஒலிபெருக்கியில் அது தன்னைத்தானே அழித்துத் தேய்ந்து ஒலித்து ஆளை ஏமாற்றும்.

ஒப்பிட வேறு காதுகளைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாதசுரம், தேவாரம் பயில்வோர் இருக்கிறார்கள். அதே கோப்புகளை அங்கேயும் ஓட்டலாம். கூத்து கேட்டு வளர்ந்தவர் 440ஐயும் நாதசுரம் பயில்பவர் 436.5ஐயும் தேர்ந்தால், பழக்கம்தான் காதைச் செய்கிறது என்ற பக்கம் தராசு சாயும். இருவரும் ஒன்றையே தேர்ந்தால், வானொலித் தடைக்கு அன்று சொல்லப்பட்ட காரணத்தை மறுபடி பரிசீலிக்க வேண்டிவரும்.