நினைவகத்துக்கு வைத்த பரீட்சை

கணினி வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது "ரேம் எவ்வளவு?" என்றுதான். ஆனால் ஒரு புதிய நினைவகம் தேறுமா என்று பார்ப்பதற்காகவே ஒரு முழுக் கணினியைக் கட்டினார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

1947-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஃபிரெட் வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் டி.வி. படக்குழாய் போன்ற ஒரு குழாயில் 2048 பிட்களை மின்னேற்றப் புள்ளிகளாகச் சேமித்தார்கள். அவை மணிக்கணக்கில் அழியாமல் நின்றன. ஆனால் சும்மா நிற்பது வேறு, கணக்கு ஓடும்போது வேகமாக மாறிக்கொண்டே இருப்பது வேறு அல்லவா? அதைச் சோதிக்கப் பிறந்ததுதான் 'பேபி' கணினி. 1948 ஜூன் 21 அன்று 52 நிமிடம் ஓடிச் சரியான விடை தந்தது. நினைவகம் பாஸ்!

அடுத்து வந்தது ஃபெரைட் வளைய நினைவகம். உளுந்துவடை போல நடுவில் துளையுள்ள குட்டிக் காந்த வளையங்கள். வளையத்துக்கு ஒரு பிட். சாகுபுரம் ஆலையில் வண்ணப்பொருளாகத் தயாராகும் இரும்பு ஆக்சைடுதான் ஃபெரைட்டுக்கும் அடிப்படைப் பொருள். இதைச் சோதிக்க அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'மெமரி டெஸ்ட் கம்ப்யூட்டர்' என்ற பெயரிலேயே ஒரு கணினி கட்டப்பட்டது. 1953-ல் அந்த நினைவகத்தை வேர்ல்விண்ட் என்ற பெரிய கணினிக்கு மாற்றினார்கள். தகவலை எடுக்கும் நேரம் 25 மைக்ரோ நொடியிலிருந்து 9 ஆகக் குறைந்தது. அதைவிடப் பெரிய லாபம் வேறு: நாளுக்கு 4 மணி நேரம் தின்ற நினைவகப் பராமரிப்பு, வாரத்துக்கு 2 மணி நேரமாகச் சுருங்கியது!

இன்னொரு விஷயமும் உண்டு. வளையத்தைப் படித்தால் அதிலிருந்தது அழிந்துவிடும். உடனே திரும்ப எழுத வேண்டும். எனவே படிக்கும் நேரத்தை மட்டும் அளந்தால் போதாது, திரும்ப எழுதும் நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

இந்தப் புது நினைவகத்தை இந்தியாவும் சீக்கிரமே நம்பியது. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு கட்டிய கணினி 1960-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 40 பிட் கொண்ட 2048 சொற்கள், அதாவது இன்றைய கணக்கில் சுமார் 10 கிலோபைட்! 1962-ல் அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டியவர் நேரு.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. 2015-ல் இன்டெலும் மைக்ரானும் ஃபிளாஷை விட 1000 மடங்கு வேகம் என்று ஒரு புதிய நினைவகத்தை அறிவித்தன. 'ஆப்டேன்' என்று கடைக்கு வந்தபோது அந்த 1000 மடங்கு கிடைக்கவில்லை. 2022-ல் இன்டெல் அதைக் கைவிட்டது.

விளம்பரத்தில் வரும் எண் ஒன்று, கணினிக்குள் போனபின் கிடைக்கும் எண் வேறு. மான்செஸ்டர்காரர்கள் 1948-லேயே இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.