வான்கடே எழும்பியதை வேடிக்கை பார்த்தவர்கள்

ஸ்டேடியம் என்றால் மேட்ச் பார்க்கிற இடம். ஆனால் ஒரு ஸ்டேடியம் கட்டப்படுவதையே மேட்ச் மாதிரி ஒன்றரை வருஷத்துக்கு மேல் பார்த்த கூட்டம் ஒன்று மும்பையில் இருந்தது. அதில் அடியேனும் ஒருவன்.

2009-இல் எனக்கு மாட்டுங்காவில் வாசம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வீடு, நரிமன் பாயிண்டில் பேங்க் உத்தியோகம். தினமும் காலையில் இசட் பிரிட்ஜ் ஏறி இறங்கி மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன், அங்கிருந்து சர்ச்கேட் ஸ்லோ லோக்கல். மரீன் லைன்ஸை விட்டு ரயில் கிளம்பியதும் வலது பக்கம், தண்டவாளத்தை ஒட்டினாற்போல் வான்கடே ஸ்டேடியம். 2011 உலகக் கோப்பைக்காகப் பழையதை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கு எங்கள் பெட்டியில் பேப்பர் மடிக்கப்படும். எல்லோரும் எட்டிப் பார்ப்போம். இன்று தூண், நாளை படிக்கட்டு, அடுத்த வாரம் கிரேன்.

எனக்கு முந்தைய ஸ்டேஷனான மாஹிமில் ஏறுவார் ஒரு தாராவி அண்ணாச்சி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் தைக்கிற லெதர் பைகளைக் கோட்டைப் பகுதிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். தினமும் அவர்தான் ரிப்போர்ட் வாசிப்பார். "தூணெல்லாம் எந்திச்சிட்டு சார். கூரையத்தான் இன்னும் காணோம்" என்பார். நான் உடனே மனசுக்குள் கணக்குப் போடுவேன். வாரத்துக்கு இவ்வளவு வேலை என்றால் பிப்ரவரிக்குள் முடியுமா? கடன் வாங்கியவரின் தவணையைப் பார்க்கிற அதே புத்தி!

சும்மா வேடிக்கை இல்லை, பயமும் இருந்தது. கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் வேலை முடியாததால், 2011 பிப்ரவரி 27 அன்று அங்கே நடக்க வேண்டிய இந்தியா - இங்கிலாந்து மேட்சைப் பெங்களூருக்கு மாற்றிவிட்டார்கள். (இரண்டு பேரும் 338 அடித்து 'டை' ஆன மேட்ச், ஞாபகம் இருக்கும்.) மாற்றம் என்ற செய்தி ஜனவரிக் கடைசியில் வந்த அன்று எங்கள் பெட்டியில் வேறு பேச்சே இல்லை. ஃபைனலே நமக்குப் போய்விடுமோ என்று ஆளாளுக்குக் கவலை. 'நமக்கு' என்று அன்று நானும் சொன்னேன். மும்பைக்கு வந்து எட்டு வருஷத்தில் அந்த ஊரை 'நாம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

சரி, கொஞ்சம் சரித்திரம். அடுத்து நடந்தது புரிய இது வேண்டும்.

மும்பையில் ஸ்டேடியத்தின் கதை என்பது சீட்டின் கதைதான். கடலைத் தூர்த்த பேக்பே நிலத்தில் 90,000 சதுர கெஜத்தை, கெஜம் 13 ரூபாய் 8 அணா என்று கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியா வாங்கியது. மொத்தம் 12 லட்சத்து 15 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அங்கே எழுந்ததுதான் பிராபோர்ன் ஸ்டேடியம். 1936-இல் அடிக்கல், 1937 டிசம்பர் 7-இல் திறப்பு. மைதானம் கிளப்புடையது, மேட்ச் நடத்துவது பம்பாய் கிரிக்கெட் அசோசியேஷன். யாருக்கு எத்தனை டிக்கெட் என்று வருஷக்கணக்காகத் தகராறு. 1973 இங்கிலாந்து டெஸ்ட்டுக்குப் பிறகு அது முற்றிப்போய், "உன் சீட்டே வேண்டாம், எங்களுக்கு ஒன்று கட்டிக்கொள்கிறோம்" என்று அசோசியேஷன் கிளம்பிவிட்டது. தலைவர் எஸ்.கே. வான்கடே, அப்போது மகாராஷ்டிர சட்டமன்ற சபாநாயகர். பிராபோர்னிலிருந்து ஒரு கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்தில், ஏறக்குறைய 13 மாதத்தில் கட்டி முடித்தார்கள். ஆர்க்கிடெக்ட் சசி பிரபு.

1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸோடு முதல் டெஸ்ட். கிளைவ் லாயிட் 242 நாட் அவுட். அவர் இரட்டைச் சதம் அடித்ததும் கை கொடுக்க ஓடிய ரசிகரைப் போலீஸ் அடிக்க, கூட்டம் கொதித்துப்போய் அன்று டீக்குப் பிறகு ஆட்டமே நடக்கவில்லை. புது ஸ்டேடியத்தின் முதல் டெஸ்ட்டே இப்படி!

36 வருஷம் டெஸ்ட் இல்லாமல் கிடந்த பிராபோர்னுக்கு, வான்கடேயை இடித்ததால் 2009 டிசம்பரில் இலங்கை டெஸ்ட் திரும்பி வந்தது. சேவாக் 293-இல் முரளிதரனிடமே கேட்ச் கொடுத்து அவுட் ஆனது அதில்தான்.

இப்போது எங்கள் வான்கடேக்கு வருவோம். கூரையும் வந்துவிட்டது. நடுவில் தூணே இல்லாமல் வெள்ளை வெளேரென்று டெஃப்லான் துணிக் கூரை. யார் கண்ணையும் தூண் மறைக்காது. அண்ணாச்சிக்குத் தானே கட்டிய மாதிரி சந்தோஷம். ஆனால் முன்பு 40,000 பேருக்கு மேல் உட்கார்ந்த இடத்தில், தனித்தனி நாற்காலி போட்டதில் 33,000 தான் மிஞ்சியது. அதிலும் ஃபைனலுக்குக் கிளப்புகளுக்கும் ஐ.சி.சி.க்கும் போனது போகப் பொதுமக்களுக்குச் சுமார் 4,000 டிக்கெட்! 33,000-இல் 4,000 என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு.

எங்கள் பெட்டியில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. 2011 ஏப்ரல் 2 சனிக்கிழமை. வருஷக் கணக்கு முடிப்பு முந்தின நாள்தான் ஓய்ந்திருந்தது. அரைநாள் வேலை முடித்து, அதே ஸ்டேடியத்தை ரயிலில் கடந்து, அண்ணாச்சி வீட்டு மாடியில் போய் உட்கார்ந்தேன். ஏணி மாதிரி இரும்புப் படி, பத்துக்குப் பன்னிரண்டு அறை, பதினேழு பேர். ஜெயவர்த்தனே சதம் அடித்தபோது வாயே திறக்காதவர்கள், கம்பீர் 97-இல் அவுட் ஆனபோது "அய்யோ" என்றார்கள். தோனி சிக்ஸர் அடித்து முடித்ததும் தாராவி முழுக்கப் பட்டாசு. அண்ணாச்சி மட்டும் டி.வி.யில் கூரையைக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். கேமரா மேலே போனபோது, "அந்தா பாருங்க, நம்ம கூரை" என்றார்.

இந்தச் சீட்டு வியாதி மும்பைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் சேப்பாக்கத்திலும் அதே உலகக் கோப்பைக்காகப் புதிதாக ஐ, ஜே, கே என்று மூன்று கேலரிகள் கட்டினார்கள். மொத்தம் 12,000 இடம். அனுமதிச் சிக்கலில் 2012 முதல் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. அதனாலேயே 2019 ஐ.பி.எல். ஃபைனல் சென்னையை விட்டு ஹைதராபாத் போனது. பல வருஷம் கழித்துத்தான் ஒரு வழியாக அவற்றில் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். டி.வி.யில் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சீட் இருந்தும் ஆளில்லை ஓரிடத்தில், ஆளிருந்தும் சீட் இல்லை இன்னோரிடத்தில்.

நான் செம்பூருக்கு வீடு மாறிப் பல வருஷம் ஆகிறது. 2025 அக்டோபர் 23, தீபாவளி வாரம், நெருலில் டி.ஒய். பாட்டீல் கல்லூரி வளாகத்து ஸ்டேடியத்தில் பெண்கள் உலகக் கோப்பை, இந்தியா - நியூசிலாந்து. டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது. என் மகளையும் அண்ணாச்சியையும் அழைத்துப் போனேன். மந்தனா, பிரதிகா ராவல் இரண்டு பேரும் சதம். ஸ்டேடியத்துக்குள் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பது அண்ணாச்சிக்கு அதுவே முதல் தடவை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வந்ததும் கூரையைத்தான் பார்த்தார். "இங்கயும் தூண் இல்ல சார்" என்றார்.

மழைக்காக ஆட்டம் நின்றபோது மெதுவாக வீட்டுப் பேச்சை எடுத்தார். தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் வீடு வீடாக நம்பர் போட ஆரம்பித்தார்கள் அல்லவா. தரைத்தளத்தில் 2000-க்கு முன்பிருந்தே இருப்பதற்கு ஆதாரம் காட்டினால் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்கு வெளியே எங்கோ, அதுவும் காசு கட்டி. அண்ணாச்சி மாடி. அன்று பதினேழு பேர் உட்கார்ந்த அதே மாடி.

"வான்கடேல எடம் கெடைக்கலன்னா டி.வி.ல பாத்துக்கிட்டோம். இதுக்கு என்ன சார் செய்ய?"

பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். மழை விட்டு ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. மகள் எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு கொடியைத் திணித்தாள்.