ஃபனானின் ஓர் அடிக்குறிப்பும் விடுதலையின் பொறுப்பும்

ஃபிரான்ஸ் ஃபனானின் ‘பூமியில் சபிக்கப்பட்டவர்கள்’ (1961) என்னும் நூலை வன்முறையின் புகழுரையாகக் கொள்ளும் வாசிப்பு, அதன் முதல் இயலையும் சார்த்தர் எழுதிய முன்னுரையையும் சான்றாக நிறுத்தி, ‘காலனியப் போரும் உளநோய்களும்’ என்னும் ஐந்தாம் இயலை ஒரு மருத்துவப் பிற்சேர்க்கையாக ஒதுக்கிவந்துள்ளது. அவ்வியலின் தொடக்கப் பகுதியில் இடம்பெறும் ஓர் அடிக்குறிப்பை ஊன்றிப் படிக்கும்போது அந்த வாசிப்பு ஆட்டம் காண்கிறது.

அப்பகுதியும் அதன் அடிக்குறிப்பும் சேர்ந்து கூறும் செய்தி இது. விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்த ஓர் ஆப்பிரிக்க நாட்டின் முன்னாள் போராளி, ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட நாளை ஒட்டி உறக்கம் இழந்து, பதற்றத்துக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் ஆளாகிறார். இயக்கத்தின் கட்டளைப்படி அவர் குண்டு வைத்த நாள் அது; அதில் பத்துப் பேர் மாண்டனர். விடுதலைக்குப் பின், முன்னர் ஆண்ட நாட்டைச் சேர்ந்தவர்களும் விடுதலையை மனமார வரவேற்றவர்களுமான சிலரோடு நட்புக் கொண்ட பிறகே, இறந்தவர்களிடையே இத்தகையோரும் இருந்திருக்கக்கூடுமோ என்ற கேள்வி அவரைத் தலைசுற்ற வைக்கிறது. குண்டு வெடித்த காப்பிக் கடை இனவெறியர் கூடும் இடமாக அறியப்பட்டதுதான். ஆயினும் வழிப்போக்கர் எவரும் அதனுள் நுழைந்திருக்க முடியும்.

இக்குறிப்பைக் குற்றவுணர்வின் ஒப்புதலாக மட்டும் கொள்வது போதாது. அந்தப் போராளி தம் செயலை ஒருகணமும் மறுதலிக்கவில்லை என்பதையும், நாட்டின் விடுதலைக்குத் தாம் செலுத்தும் விலையைத் தெளிவாக உணர்ந்திருக்கிறார் என்பதையும் ஃபனான் சேர்த்தே பதிவுசெய்கிறார். செயல் தேவையானது என்ற உறுதியும், அதன் விளைவிலிருந்து தமக்கு விடுவிப்பு இல்லை என்ற அறிவும் ஒரே மனிதரிடம், ஒன்று மற்றொன்றை அழிக்காமல், உடனிருக்கின்றன. புரட்சிக்குள் எழும் தனிமனிதப் பொறுப்பு என்னும் கேள்வியை ஃபனான் இங்கேயே வைக்கிறார்.

அதே இயலில் வரும் ஐரோப்பியக் காவல் ஆய்வாளரோடு ஒப்பிட்டால் இந்நிலையின் பொருள் துலங்கும். அல்ஜீரியர்களைச் சித்திரவதை செய்யும் பணியில் ஊறி, மனைவியையும் குழந்தைகளையும் அடிக்கத் தொடங்கிய அவர், அப்பணியை விடாமலே, மன உறுத்தலின்றி அதைத் தொடர்வதற்கு உதவுமாறு மருத்துவரைக் கேட்கிறார். ஒருவர் உறுத்தல் நீங்க வேண்டுகிறார். மற்றவர் உறுத்தலைச் சுமந்தபடியே தம் செயலுக்குப் பொறுப்பேற்கிறார். இரு தரப்பு வன்முறையையும் ஃபனான் வேறுபாடின்றி நோக்கினார் என்ற முடிவுக்கும், ஒரு தரப்பின் வன்முறையை அவர் கேள்வியே இன்றி ஏற்றார் என்ற முடிவுக்கும் இவ்வேறுபாடு இடம்தரவில்லை.

வன்முறை தனிமனிதரைத் தாழ்வுணர்விலிருந்து தூய்மைப்படுத்துகிறது என்று முதல் இயல் வெளிப்படையாகவே கூறுவதை மறுப்பதற்கில்லை. ஓர் அடிக்குறிப்பு அந்த இயலை முழுமையாக ரத்துசெய்துவிடும் என்று கொள்வதும் மிகையே. எனினும், அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் 1953 முதல் 1956 வரை உளமருத்துவராகப் பணியாற்றியவர், இக்குறிப்புகள் இத்தகைய நூலில் பொருந்தாதனவாகத் தோன்றக்கூடும் என்பதை அறிந்தே அவற்றைச் சேர்த்திருக்கும்போது, அவற்றைத் தற்செயலான பின்னிணைப்பு என்பது ஏற்கத்தக்கதன்று.

அல்ஜீரியா 1962இல்தான் விடுதலை பெற்றது. ஆகவே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, விடுதலைக்குப் பிந்திய காலத்தில் நின்று போரைத் திரும்பிப் பார்க்கும் ஒரு மனிதரை ஃபனான் வாசகர் முன் நிறுத்துகிறார். போராட்டத்தின் பழம்பெருமையை எடுத்தோதி மக்களை அமைதிப்படுத்தும் தலைவரைப் பற்றி மூன்றாம் இயல் தரும் எச்சரிக்கையோடு இதை இணைத்தே படிக்க வேண்டும். தலைவருக்குக் கடந்தகாலம் அதிகாரத்தின் முதலீடு. போராளிக்கோ அது தீராக் கணக்கு. தேசிய விடுதலை முன்னணி 1989 வரை ஒரே கட்சியாக அல்ஜீரியாவை ஆண்டபோது, அதன் ஆட்சியுரிமைக்கு ஆதாரமாக நின்றது முதல்வகை நினைவே.

காலனிய அரசின் பொறுப்பு இதனால் குறைவதில்லை. 1957இல் அல்ஜியர்ஸில் கைதான கணிதவியலர் மொரீஸ் ஓதான், பிரெஞ்சு அரசு அனுமதித்த சித்திரவதை முறையால் இறந்தார் என்பதைப் பிரான்சின் குடியரசுத் தலைவர் 2018இல்தான் ஒப்புக்கொண்டார். அந்நாடு தன் ஆவணங்களில் உள்ளவற்றுக்கு விடையளிக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் விடுதலையின் பெயரால் ஆள்வோர் தம் மக்களுக்கு விடையளிக்க மறுப்பதற்கு அக்கோரிக்கை ஒருபோதும் கேடயமாகக் கூடாது. காலனிய எதிர்ப்புச் சிந்தனை இன்றைய அரசியலுக்கு வழங்கும் அளவுகோல் இந்த இருமுனைப் பொறுப்பே. அதில் ஒரு முனையை மட்டும் பற்றிக்கொள்ளும் எந்த அரசியலும் ஃபனானைத் துணைக்கு அழைக்கும் தகுதியை இழக்கிறது.