கூடாரமும் தேரோடும் வீதியும்

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் கால் வைத்தது 1920களில். அதற்கு எழுபது ஆண்டு முன்பு, இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவின் வடகோடியில் கரிசல்காட்டு நடுவே இருந்த ஒரு வணிக ஊர். மதத்தைப் பிறருக்குச் சொல்வதில் எது வரை மரியாதை, எங்கிருந்து கட்டாயம் என்ற கேள்வியை ஆராய நினைப்பவர்களுக்கு இந்தக் கரிசல் வட்டாரத்தின் 19ஆம் நூற்றாண்டைப் போல வாய்ப்பான இடம் வேறில்லை. 1854இல் சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் ராக்லண்டு, டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற மூவர் சிவகாசிப் பக்கம் கூடாரங்களோடு வந்தார்கள். ராக்லண்டு கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேறியவர்; சென்னையில் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டு வந்தவர். பங்களா கட்டுவதில்லை, நிலம் வாங்குவதில்லை. ஓர் ஊர்ப் பக்கம் கூடாரம் அடித்து, காலையும் மாலையும் சுற்றுக் கிராமங்களுக்குப் போய், கேட்கிறவர்களிடம் பேசிவிட்டு, சில நாளில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நகர்வது. இதுதான் முறை. தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை முறைவைத்து மாதாமாதம் அனுப்பின. ஆகவே சுவிசேஷம் சொன்ன வாய்களில் பெரும்பகுதி தமிழ் வாய்கள்தாம். ராக்லண்டு 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தார். அதுவரை வேதத்தில் சேர்ந்தவர்கள் மிகச் சிலர்.

அதே ஜில்லாவின் தெற்கில் கதை வேறு. மெய்ஞ்ஞானபுரம், நாசரேத்து, சாயர்புரம் என்று புது ஊர்களே எழுந்தன. அங்கே மிஷன் பள்ளிக்கூடம் வைத்தது, மருந்து கொடுத்தது, மிராசுதாரோடு வழக்கு வந்தால் பக்கத்தில் நின்றது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னும் மிஷனரி கால்டுவெல்லின் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். வடக்கிலும் தெற்கிலும் சொல்லப்பட்ட செய்தி ஒன்றுதான். சொல்லோடு சேர்த்துக் கட்டப்பட்ட பொருள்தான் வேறு. என் வாதம் இதுதான்: கட்டாயத்தைத் தேடுகிறவர்கள் போதகரின் குரலைவிட அவர் கையில் என்ன இருந்தது என்பதையும், கேட்டவர் மறுத்திருந்தால் எதை இழந்திருப்பார் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் ராக்லண்டின் கூடாரம் நல்ல மதிப்பெண் பெறுகிறது. மறுத்தவருக்கு எந்த நட்டமும் இல்லை. பெரும்பாலோர் மறுத்தார்கள், கூடாரமும் நகர்ந்தது.

வெள்ளைக்காரன் கூடாரம் அடித்தால் அது வெறும் கூடாரமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கலெக்டரும் பாதிரியும் ஒரே நிறமாக இருந்த நாட்டில், வாசலில் வந்து நிற்கும் துரையிடம் ‘வேண்டாம் ஐயா’ என்று சொல்லக் குடியானவனுக்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் அந்த நிறமே போதுமான நெருக்குதலாக இருந்திருந்தால் கரிசல்காட்டில் எண்ணிக்கை பெருகியிருக்க வேண்டும், பெருகவில்லை. இன்னொன்றும் உண்டு: நெருக்குதல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. 1840களில் தெற்கே விபூதி சங்கம் என்ற பெயரில் ஓர் எதிர்ப்பியக்கம் எழுந்தது. வேதக்காரர்களின் நெற்றியில் வலிய நீறு பூசிய சம்பவங்கள் மிஷனரிகளின் பதிவுகளில் இருக்கின்றன. 1845இல் நல்லூர் வட்டாரத்தில் வீடுகள் தாக்கப்பட்டு, வழக்கு சென்னை வரை போனது. தன் சமயத்தைக் காக்க நினைப்பது இயல்பு. அடுத்தவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு காப்பது வேறு சங்கதி.

சிக்கலான வழக்கு கழுகுமலை. எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்ட அந்த ஊரில் தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போக நாடார்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது. கேட்டுப் பார்த்துக் கிடைக்காமல் போகவே அவர்களில் பலர் கத்தோலிக்கரானார்கள். தேர் வீதியிலேயே ஒரு கட்டடம் வேதக்கோயிலாயிற்று. 1895 பங்குனித் திருவிழாவில் அதன் முன்னால் போட்டிருந்த பந்தல் தேருக்குத் தடையாக, கலவரம் மூண்டது. ஜமீன் மேலாளர் குத்திக் கொல்லப்பட்டார், நாடார்கள் பலர் மாண்டார்கள். இந்த மதமாற்றம் தெருவுக்காக நடந்தது, தேவனுக்காக இல்லை என்று ஒதுக்கிவிடுவது எளிது. என் அளவுகோலும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்கிறதோ என்று தோன்றலாம். இல்லை. அந்த மக்களைத் தள்ளியது பாதிரியின் சொல்லைவிட அடைத்திருந்த வீதி. தன்னை மனிதனாக நடத்தும் மதத்தைத் தேர்ந்தவன் காரணத்தோடுதான் தேர்ந்திருக்கிறான்; மானத்தைக் காரணக் கணக்கிலிருந்து கழித்துவிட்டால் மிஞ்சும் பக்தி யாருக்குச் சொந்தம்?

கமுதியில் இதே விஷயம் மறுபக்கம் புரண்டது. 1897 ஜனவரியில், சென்ற அவையிலெல்லாம் சமயப் பொறையைப் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனில் வரவேற்றவர் ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி. அதே ஆண்டு மே மாதம் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் போனபோது, பரம்பரை தர்மகர்த்தா என்ற முறையில் அவர்கள் மேல் வழக்குத் தொடுத்தவரும் அவரே. வழக்கு 1908இல் பிரிவி கவுன்சில் வரை போய், நாடார்கள் தோற்றார்கள். இதற்கிடையில் 1899 ஜூன் 6 அன்று, விசுவநாத சுவாமி கோயில் நுழைவுச் சச்சரவு முற்றிச் சிவகாசியே சூறையாடப்பட்டது. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. மதம் மாற இதைவிடப் பெரிய காரணம் யாருக்கு வேண்டும்? மிஷனும் ஊர் ஓரத்துச் சாட்சியாபுரத்திலேயே இருந்தது. அப்படியும் சிவகாசி நாடார்களில் பெரும்பாலோர் இந்துக்களாகவே இருந்தார்கள். உறவின்முறை, கடைக்குக் கடை பிரித்த மகிமைப் பணம், விருதுபட்டியில் காமராஜர் பின்னாளில் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை என்று தங்கள் வழியைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றவர்களில் கக்கன் முதலிய ஐந்து ஆதிதிராவிடரோடு விருதுநகர் நாடார் ஒருவரும் இருந்தார். கழுகுமலைக்காரர் மாறினார், சிவகாசிக்காரர் மாறவில்லை. இரண்டுமே அவரவர் யோசித்து எடுத்த முடிவு. ஆசை காட்டினால் ஏழை மாறிவிடுவான் என்ற கணக்கு இரண்டு ஊருக்குமே பொருந்தவில்லை.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதத்தைப் பரப்பும் உரிமை வேண்டுமா என்ற விவாதம் வந்தபோது, அதை ஆதரித்துப் பேசியவர்களில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி ஒருவர். கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் ஏறத்தாழ பதினான்கு ஆண்டு படித்தும் தன்னை மாற்ற யாரும் முயலவில்லை என்றார். உரிமை 25ஆம் பிரிவில் நின்றது. பரப்புவது வேறு, மாற்றுவது வேறு என்று உச்ச நீதிமன்றம் 1977இல் கோடு கிழித்தது. தமிழ்நாடு 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சொல்லோடு கட்டிய பொருளைப் பார் என்கிற நீங்கள் அந்தச் சட்டத்தை ஏற்க வேண்டாமா என்று கேட்கலாம். அச்சட்டம் மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனையைக் கூட்டியது. சிறுவர் சரி. வளர்ந்த பெண்ணும் உழைத்துப் பிழைக்கும் ஆணும் தங்கள் நன்மையை அறியாதவர்கள் என்று சட்டம் எந்த அனுபவத்தில் முடிவு கட்டியது? கோயில் கதவையும் தேர் வீதியையும் அடைத்தவர்களின் நெருக்குதலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற சில நாட்களில் அதே அரசு அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. அந்த மனமாற்றத்துக்குப் பின்னால் தூண்டுதல் எதுவும் இல்லை என்று ஒருவரும் சாதித்ததாகத் தெரியவில்லை.