சமய பாடத்தில் வராத வரலாறு

எங்கட வாசிப்பு வட்டத்தில சா/த பரீட்சையில் கிறிஸ்தவத்துக்கு ‘ஏ’ எடுத்த ரெண்டு பேர் இருக்கிறாங்க. கத்தோலிக்கத்துக்கு ‘ஏ’ எடுத்தவர் ஒருவர். மிச்சப் பேர் சைவநெறி படித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சமய பாட மணி அடித்தால் ஆளுக்கொரு வகுப்பறைக்குப் பிரிந்து போவோம். பக்கத்து அறையில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று பதினொரு வருஷமும் எட்டிப் பார்த்ததில்லை. இருபது வயது தாண்டின மறுகாதான் ஒரே மேசையில் இருந்து நவீன கிறிஸ்தவத்தின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினோம்.

கையில் கிடைத்த புத்தகங்கள் எல்லாம் ஒரே பாதையில்தான் போகின்றன. 1517இல் லூதர், அதற்குப் பிறகு திரெந்துப் பொதுச்சங்கம், பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோன் வெஸ்லி. கடைசியில் ஆசியா, ஆபிரிக்கா எல்லாவற்றையும் ஒரே அத்தியாயத்துக்குள் அடைத்து ‘மறைபரப்பு’ என்று ஒரு தலைப்பு. அந்த அத்தியாயத்தில் மட்டக்களப்பு இல்லை. சரி, மற்றப் பக்கத்திலிருந்து தொடங்குவோம் என்று, வாவிக்கரையில் நிற்கிற வில்லியம் ஓல்ட் சிலையிலிருந்து தொடங்கினோம்.

தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற சிலை. அவர் மெதடிஸ்த மத்திய கல்லூரியைத் தொடங்கியவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் இங்கே எவ்வளவு காலம் இருந்தார் என்பதுதான் எங்களில் யாருக்கும் தெரியாது. எட்டு மாதம்! 1813 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறினார். வழியில் மனைவி இறந்தார். இந்தப் பயணத்தையே திட்டமிட்ட தோமஸ் கோக் 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்தார். தலைவர் இல்லாமல் காலியில் வந்து இறங்கிய இளைஞர்கள் தங்களுக்குள் ஊர்களைப் பிரித்துக்கொண்டபோது ஓல்டுக்கு வந்தது மட்டக்களப்பு. தனி ஆளாக வந்தார். தமிழ் தெரியாது. 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இங்கேயே இறந்துபோனார்.

இந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் மனம் இளகும், எங்களுக்கும் இளகியது. ஆனால் ஒரு கேள்வியை விட முடியவில்லை. ஏன் மட்டக்களப்பு? தேசாதிபதி பிரவுண்ரிக்கின் அரசாங்கம், முக்கிய ஊர்களில் ஆங்கிலம் படிப்பித்தால் உதவித்தொகை தருவதாக இவர்களுக்குச் சொல்லியிருந்தது. பிரித்தானியர் கிழக்குக் கரையைப் பிடித்து அப்போது இருபது வருஷம்கூட ஆகவில்லை. ஆங்கிலம் தெரிந்த உள்ளூர் ஆட்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். பிரசங்கம் செய்ய வந்தவர் வாத்தியார் வேலையோடு ஊருக்குள் வந்தது அப்படித்தான். ஓல்டின் அர்ப்பணிப்பும் உண்மை, அரசாங்கத்தின் கணக்கும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற எழுத்தில் எங்களுக்கு விருப்பமில்லை.

அதோடு ஓல்ட் வந்து இறங்கிய ஊர் கிறிஸ்துவை அறியாத ஊருமல்ல. 1638இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடிக்கும் வரைக்கும் போர்த்துக்கேயர் இங்கே இருந்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது, குருமார் மறைந்து திரிந்தார்கள். ஆனாலும் அது அழியவில்லை. இன்றைக்கும் மட்டக்களப்புப் பறங்கியர் பெரும்பாலும் கத்தோலிக்கர்தான். அவர்களில் வயதானவர்கள் சிலரின் வாயில் போர்த்துக்கேயக் கிரியோல் இன்னும் இருக்கிறது. ஆட்சி போய், குரு போய், கோவில் போன பிறகும் ஒரு சமயத்தை வீட்டுக்குள் காப்பாற்றி வைத்த சனங்கள். அவர்களுக்கு ஊரில் ஒரு சிலைகூட இல்லை.

1895இல் திருகோணமலை மறைமாவட்டம் பிரெஞ்சு யேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க யேசு சபையினர் வந்தார்கள். புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்து, வெபர் மைதானம் எல்லாம் அவர்கள் கொண்டுவந்தவை. இதை விலாவாரியாகச் சொல்ல மிக்கேல் பழைய மாணவர் ஒருவர் போதும், நிறுத்த மாட்டார்.

எங்களுக்குப் பிடித்த இடம் விபுலாநந்தர். காரைதீவுப் பிள்ளை, படித்தது மெதடிஸ்தப் பள்ளியிலும் பிறகு மிக்கேலிலும். மிக்கேலிலேயே ஆசிரியராகவும் இருந்தார். 1924இல் துறவியானார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயம் தொடங்கியது. மிஷன் பள்ளிக்கூடத்துக்குச் சைவம் கொடுத்த பதிலும் விடுதியோடு கூடிய ஒரு பள்ளிக்கூடமாகவே இருந்தது. சைவநெறி வகுப்பில் இருந்த எங்களுக்கு அவருடைய துறவு தெரியும், மிக்கேல் தெரியாது. கத்தோலிக்க வகுப்பில் இருந்தவருக்கு மிக்கேல் தெரியும், அங்கே படிப்பித்தவர்களில் விபுலாநந்தரும் ஒருவர் என்பது தெரியாது.

போர்க்காலப் பக்கங்களை ஒரே நாளில் வாசித்து முடிக்க எங்களால் இயலவில்லை. பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6இல் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15இல், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும் வழியில் காணாமல்போனார். அவரோடு வந்த இளைஞரும் காணாமல்போனார். இன்று வரைக்கும் உடல்கள் கிடைக்கவில்லை. நாங்கள் பிறப்பதற்கு முந்திய கதை என்றாலும், ‘காணாமல்போனார்’ என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் யாரும் விளக்கம் தரத் தேவையில்லை.

இது வரைக்கும் எழுதிய காலக்கோட்டைச் சுவரில் ஒட்டியபோது ஒருத்தி கேட்டாள்: “சீயோன் எங்க?”

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு பாடசாலை முடிந்து வந்த பிள்ளைகளும் அங்கே நின்றார்கள். இறந்தவர்களில் சிறுவர்கள் பலர். அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். தேதி எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் காலக்கோட்டில் அது இல்லை. ஏன் விட்டோம்? மறந்ததாகச் சொல்ல முடியாது. எங்கள் கண்ணில் மெதடிஸ்தமும் கத்தோலிக்கமும்தான் ‘வரலாறு’. சுயாதீன சபைகள் என்றால் ஒலிபெருக்கி, கைதட்டல், ‘அல்லேலூயாக் கூட்டம்’ என்கிற கேலி. அந்தக் கேலியைச் சைவப் பிள்ளைகள் மட்டும் செய்யவில்லை, கிறிஸ்தவத்துக்கு ‘ஏ’ எடுத்தவர்களும் செய்தார்கள். உலகம் முழுக்க கிறிஸ்தவம் வேகமாக வளர்ந்த இடங்களில் இந்தப் பெந்தகொஸ்தே, சுவிசேஷ சபைகள் முக்கியமானவை என்று அதே புத்தகத்தில் வாசித்திருந்தோம். வாசித்துவிட்டும் எங்கட ஊரில் அதைத் தேடவில்லை.

அதனால் சுவரில் இருந்த தாளைக் கழற்றி வைத்திருக்கிறோம். சபைகளைப் பற்றி எழுதிய புத்தகம் எங்கள் கையில் எதுவும் இல்லை. வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குப் போய்வருகிற அம்மாமாரிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் கேள்வி இவ்வளவுதான்: உங்கட சபை எந்த வருஷம், யாருடைய வீட்டு விறாந்தையில தொடங்கினது?