வாயுப் பெருங்கோள்கள்

வாயுப் பெருங்கோள் என்பது பெரும்பாலும் ஐதரசனாலும் ஈலியத்தாலும் ஆன, கால் ஊன்றத் தரையில்லாத பெரிய கோள். ஞாயிற்றுத் தொகுதியில் வியாழனும் சனியும் இவ்வகையைச் சேர்ந்தவை. வியாழனின் திணிவு பூமியினதைப் போல் 318 மடங்கு. சனியினது 95 மடங்கு. யுரேனசும் நெப்டியூனும் முன்னர் இவற்றோடு சேர்த்தே எண்ணப்பட்டன. நீர், அமோனியா, மெதேன் ஆகியவை அவற்றில் மிகுந்திருப்பதால் இப்போது பனிப் பெருங்கோள்கள் எனத் தனியே வகுக்கப்படுகின்றன.

இக்கோள்களின் உட்புறத்தை எவரும் கண்டதில்லை. திணிவு, ஒளி, வெப்பம், வானொலி அலை, ஈர்ப்பு ஆகியவற்றை வெளியிலிருந்து அளந்து, உள்ளே இருப்பதை உய்த்தறிந்தே இத்துறை வளர்ந்தது. அவ்வளர்ச்சியில் காலியில் பிறந்த இரசாயனவியலாளர் சிறில் பொன்னம்பெருமவுக்கும், கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்குக்கும் இடமுண்டு.

அசைவிலிருந்து அடர்த்திக்கு

வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டுகளும் சனி 29.46 ஆண்டுகளும் எடுக்கின்றன. ஆகவே வியாழன் ஓர் இராசியில் ஏறக்குறைய ஓராண்டும், சனி இரண்டரை ஆண்டும் நிற்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கோயில்களில் வியாழ மாற்றத்துக்கும் சனி மாற்றத்துக்கும் விசேட பூசை நடக்கும் நாள்களைப் பஞ்சாங்கம் இந்தக் கணக்கிலிருந்தே தருகிறது. அதற்குக் கோளின் அசைவு தெரிந்தால் போதும்; அது எதனால் ஆனது என்ற கேள்வி எழ வேண்டியதில்லை.

அக்கேள்விக்கு வழி திறந்தது 1610 ஜனவரியில். கலிலியோ தம் தொலைகாட்டியில் வியாழனின் நான்கு உபகோள்களைக் கண்டார். ஓர் உபகோள் எவ்வளவு தொலைவில், எவ்வளவு காலத்தில் சுற்றுகிறது என்பது தெரிந்தால் தாய்க்கோளின் திணிவைக் கணிக்கலாம். 1687இல் வெளிவந்த தம் நூலில் நியூட்டன் இதைச் செய்தார். வியாழனின் அடர்த்தி பூமியினதில் ஏறக்குறைய கால்பங்கு என்று அந்நூலின் பிற்பதிப்பில் அவர் தந்த விடை இன்றைய அளவீட்டோடு ஒத்துப்போகிறது. கன சென்ரிமீற்றருக்குப் பூமி 5.51 கிராம், வியாழன் 1.33 கிராம், சனி 0.69 கிராம். சனியின் சராசரி அடர்த்தி நீரினதைவிடக் குறைவு. பாறையாலும் இரும்பாலும் மட்டும் ஆன எந்த உருண்டையும் இவ்வளவு இலேசாக இருக்க முடியாது.

தட்டையான வடிவம் இன்னொரு தடயத்தைத் தந்தது. வியாழன் 10 மணித்தியாலத்துக்கும் குறைவான நேரத்தில் தன்னைத்தானே சுற்றுகிறது. அதனால் மத்தியகோட்டில் பிதுங்கி, அங்கே 71,492 கி.மீ. ஆரையும் துருவத்தில் 66,854 கி.மீ. ஆரையும் கொண்டிருக்கிறது. உள்ளே எங்கும் ஒரே அடர்த்தியாயிருந்தால் இப்பிதுக்கம் இன்னும் பெரிதாக இருக்கும். எனவே திணிவு மையத்தை நோக்கிச் செறிந்திருக்கிறது என்பது வடிவத்திலிருந்தே புலனாயிற்று.

நிறமாலையும் உலோக ஐதரசனும்

வியாழனின் நிறமாலையில் நெடுங்காலம் விளங்காதிருந்த கருங்கோடுகள் மெதேனுக்கும் அமோனியாவுக்கும் உரியவை என 1930களின் தொடக்கத்தில் ரூபர்ட் வில்ட் காட்டினார். குளிர்ந்த ஐதரசன் நிறமாலையில் எளிதில் தென்படாது. அதன் கோடுகள் 1960இல்தான் பிடிபட்டன. ஆனால் கோளின் பெரும்பகுதி ஐதரசனே என்பதை அடர்த்திக் கணிப்புகள் அதற்கு முன்பே உணர்த்திவிட்டன. 1958இல் வென்டல் டிமார்க்கஸ் செய்த கணிப்பு இவற்றுள் முக்கியமானது.

அவர் கணிப்புக்கு அடித்தளமாயிருந்தது 1935இல் யூஜின் விக்னரும் ஹிலார்ட் ஹன்டிங்டனும் முன்வைத்த கருத்து: மிகை அமுக்கத்தில் ஐதரசன் மூலக்கூறுகள் உடைந்து, இலத்திரன்கள் கட்டற்று ஓடும் உலோகமாக அது மாறும். வியாழனின் உள்ளே பூமியின் வளிமண்டல அமுக்கத்தைப் போல் பத்து இலட்சம் மடங்கைத் தாண்டிய ஆழங்களில் இது நிகழ்கிறது. மின்னைக் கடத்தும் இத்திரவம் சுழன்று கலங்குவதால் பெரும் காந்தப்புலம் பிறக்கிறது. 1955இல் பேர்னார்ட் பேர்க்கும் கெனத் ஃபிராங்க்ளினும் வியாழனிலிருந்து வரும் வானொலி அலைகளைத் தற்செயலாகக் கண்டுபிடித்தது அப்புலத்துக்குக் கிடைத்த முதற் சான்று. 1996இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில், அதிர்ச்சி அலையால் அமுக்கிய திரவ ஐதரசன் 14 இலட்சம் வளிமண்டல அமுக்கத்தில் உலோகம்போல் மின்னைக் கடத்தியது.

1960களில் அகச்சிவப்பு அளவீடுகள் வேறோர் உண்மையைக் காட்டின. சூரியனிடமிருந்து பெறுவதைவிடக் கூடிய வெப்பத்தை வியாழன் வெளிவிடுகிறது. தோன்றிய காலத்தில் சுருங்கியதால் எழுந்த வெப்பத்தின் மீதியே அது. சனிக்கு அம்மீதி மட்டும் போதாது. அதன் உள்ளே ஈலியம் ஐதரசனோடு கலக்காமல் துளிகளாகப் பிரிந்து மழைபோல் ஆழத்துக்கு இறங்குவதால் மேலதிக வெப்பம் எழுகிறது என 1977இல் டேவிட் ஸ்டீவன்சனும் எட்வின் சால்பீற்றரும் விளக்கினர்.

ஆய்வுகூடத்தில் வியாழன்

வியாழ முகில்களின் செம்மைக்கும் பழுப்புக்கும் காரணம் தேடியவர்களுள் ஒருவர் சிறில் பொன்னம்பெரும (1923–1994). சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம் பெற்று, இலண்டனில் இரசாயனவியல் பயின்று, 1962இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலியில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியபோது, வியாழ வளிமண்டலத்தை ஒத்த மெதேன், அமோனியாக் கலவையூடாக மின்னிறக்கத்தைச் செலுத்தினார். செந்நிறச் சேதனப் பொருள்கள் உருவாயின. இம்முடிவு 1969இல் வெளியானது. உயிருக்கு முற்பட்ட இரசாயனம் வியாழனிலும் நடக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அது வலுச் சேர்த்தது. பிற்காலத்தில் அவர் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்தார்.

கொழும்பில் எழுந்த கற்பனை

கடலடி ஆய்வில் ஈடுபாடு கொண்டு 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய கிளார்க், 2008இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தார். 1971இல் வெளியான அவரது 'மெடூசாவுடன் ஒரு சந்திப்பு' என்ற குறுநாவலில் ஒரு மனிதன் பலூனில் வியாழனின் முகில்களுக்குள் இறங்குகிறான். பூமியில் ஈலியமோ ஐதரசனோ நிரப்பினால் பலூன் மிதக்கும். வியாழனில் காற்றே ஐதரசனாதலால் அதைவிட இலேசான வாயு கிடையாது. சூடேற்றிய ஐதரசன் மட்டுமே அங்கே மிதக்கும். கதையின் பலூன் இந்த விதிப்படியே அமைந்தது. அங்கே அவன் காணும் மிதக்கும் உயிரினங்கள் கடற்சொறியையும் திருக்கையையும் ஒத்தவை. ஐந்து ஆண்டுகளின் பின், 1976இல், வியாழ முகில்களில் மிதந்து வாழும் உயிர்கள் இருக்க இயலுமா என்று கார்ல் சேகனும் சால்பீற்றரும் ஆய்வுக் கட்டுரையாகவே கணித்து எழுதினர்.

விண்கலங்கள்

பயனியர் 10 கலம் 1973 டிசம்பரில் வியாழனை அணுகியது. 1979இல் இரு வொயேஜர் கலங்கள், கிழக்கும் மேற்குமாக மாறி மாறி வீசும் காற்றுப் பட்டைகளையும், பூமியைவிட அகன்ற பெருஞ்சிவப்புப் பொட்டு என்ற புயலின் சுழற்சியையும் படம்பிடித்தன.

வியாழனுக்குள் இறங்கி அளவெடுக்கவென அனுப்பப்பட்ட ஒரே கருவி கலிலியோ கலத்தின் ஆய்வி. 1995 டிசம்பர் 7 அன்று நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் நுழைந்து, பரசூட்டில் தொங்கியபடி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் தகவல் அனுப்பி, 22 மடங்கு வளிமண்டல அமுக்கத்தில் அடங்கிப்போனது. முகில்களுக்குக் கீழேயும் காற்று ஓயவில்லை. நியோன் எதிர்பார்த்ததில் பத்திலொரு பங்கே இருந்தது. ஈலியத் துளிகளில் கரைந்து நியோன் ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பதால், வியாழனிலும் ஈலிய மழை பெய்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

2016 ஜூலையில் வியாழனை அடைந்த ஜூனோ, ஈர்ப்பின் சிறு வேறுபாடுகளை அளந்து, காற்றுப் பட்டைகள் ஏறக்குறைய 3,000 கி.மீ. ஆழம்வரை செல்வதைக் காட்டியது. மையத்தில் கூர்மையான எல்லையுடன் இறுகிய பாறைக் கரு இருக்கும் என்ற பழைய படமும் மாறியது. பாறை, பனிக்கூறுகள் ஐதரசனில் கரைந்து அகலப் பரந்த ஒரு மங்கிய கருவே அளவீடுகளுக்குப் பொருந்துகிறது. சனியின் உட்புற அதிர்வுகள் அதன் வளையங்களில் எழுப்பும் அலைகளைக் கசினி கலத்தின் தரவுகளில் ஆராய்ந்தபோது, அங்கேயும் கரு ஆரையின் ஏறக்குறைய 60 சதவீதம் வரை பரந்திருப்பது 2021இல் தெரியவந்தது.

உட்கட்டமைப்பு

வியாழனின் மேல்மட்டத்தில் அமோனியாப் பனி முகில்கள். பூமியின் கடல்மட்ட அமுக்கத்துக்கு ஒத்த இடத்தில் வெப்பநிலை ஏறக்குறைய −108 பாகை செல்சியஸ். அதன் கீழே அமோனியாவும் கந்தகமும் சேர்ந்த முகில்கள், பின்னர் நீர் முகில்கள். இன்னும் ஆழத்தில் ஐதரசன் வாயுநிலையிலிருந்து திரவநிலைக்கு எந்தப் பரப்பும் எல்லையும் இன்றிச் சிறிது சிறிதாக மாறுகிறது. அதனடியில் உலோக ஐதரசன். நடுவில் பரந்த கரு. கோளின் திணிவில் பெரும்பங்கு இத்திரவ நிலையிலேயே உள்ளது.

கொழும்பிலிருந்து அவதானிப்பு

கொழும்பு வடக்கு அகலக்கோடு 7 பாகையை அண்டியிருப்பதால் வியாழனும் சனியும் இங்கே உச்சிவானுக்கு அருகே கடக்கின்றன. குறைந்த தடிப்புள்ள காற்றினூடாக அவற்றைக் காணலாம். 1965இல் திறக்கப்பட்ட கொழும்புக் கோள்மண்டலம் பொதுமக்களுக்கு வானியலைக் காட்டிவருகிறது. கட்டுபெத்தையில் கிளார்க்கின் பெயரால் அமைந்த நவீன தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜப்பான் வழங்கிய 45 செ.மீ. தொலைகாட்டி உள்ளது.

வேறு நட்சத்திரங்களின் பெருங்கோள்கள்

1995இல் மிஷெல் மாயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தை 4.2 நாளில் சுற்றும் ஒரு பெருங்கோளைக் கண்டறிந்து, 2019இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். நட்சத்திரத்துக்கு மிக அருகே இவ்வளவு பெரிய கோள் உருவாக முடியாது என்பதால், கோள்கள் பிறந்த இடம் விட்டு நகர்கின்றன என்ற கருத்து வலுப்பெற்றது.

பெருங்கோளை நட்சத்திரத்திலிருந்து பிரிப்பது திணிவே. வியாழனுக்கு மேலும் திணிவு சேர்த்தால் அது அதிகம் பெருக்காது. அமுங்கி அடர்த்தியே கூடும். 13 மடங்கு திணிவில் தியூத்திரியம் எனும் பார ஐதரசன் எரியத் தொடங்கும். அத்தகையவை பழுப்புக் குறளிகள். ஏறக்குறைய 80 மடங்கை எட்டினால்தான் சாதாரண ஐதரசன் பற்றி நட்சத்திரமாகும். 1982இல் கொழும்பிலிருந்து கிளார்க் எழுதிய '2010' நாவலில் வேற்றுலக அறிவினர் வியாழனை அமுக்கிச் சூரியனாக்குவது அதனாலேயே வெளியார் தலையீடின்றி நிகழ முடியாத ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது.